கருவூருக்கு வழி கேட்டால்

(தஞ்சாவூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கை அதிகம் திருத்தாமல் அச்சேற்றப்படுகிறது.)



அழைப்பிதழ் கொண்டுவந்து கொடுத்த தம்பி, தலைப்பைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "சார், பதில் சொல்றதுக்குக்கூடவா ஒரு சொற்பொழிவு?" என்று கேட்டார். நான் 34 வருஷம் வருவாய்த்துறையில் பதில் எழுதியே சம்பளம் வாங்கியவன். அதற்கு முன்னால் திருவையாற்றில் புலவர் படிப்பு. ஓய்வு பெற்ற பிறகு ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே மூன்றரை ஏக்கர் நெல். இலக்கணத்திலும் கோப்பிலும் வயலிலும் ஒரே தொந்தரவைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கேட்டவன் நடுவில் நிற்பான்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய பழையவர்கள், பிழைபட்ட விடைக்கு ஓர் எடுத்துக்காட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவன் கருவூருக்கு வழி எது என்று கேட்கிறான். கேட்கப்பட்டவன் பருத்த நூலின் எடையைச் சொல்கிறான். வகுப்பில் இதைப் படித்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்படியும் ஒருத்தன் பதில் சொல்வானா என்று தோன்றியது. 50 வருஷம் கழித்து அந்த ஆசாமியைத் தினமும் என் கைப்பேசியில் பார்க்கிறேன். (எந்தக் கருவூர், கொங்குநாட்டுக் கரூரா, சேரநாட்டில் வேறொன்றா என்று முன்வரிசையில் ஒருவர் கை தூக்குகிறார். ஐயா, அது பெரிய ஆராய்ச்சி. ஆனால் வேறு பொருள். கூட்டம் முடிந்ததும் பேசுவோம்.)

போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. 180 பேர் இருப்போம். சாயங்காலம் 6 மணிக்கு ஒரு பையன் படம் ஒன்று போட்டான். பையன் என்றால் 30 வயது. திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு, அப்பா தவறிய பிறகு ஊருக்கு வந்து சாகுபடி பார்க்கிறவன். ஆந்திரா பொன்னி, பொதி கட்டுகிற பருவம். வயலின் நடுவில் வட்டமாக ஒரு திட்டு, நெருப்பில் வாட்டியது போலக் காய்ந்து கிடந்தது. கீழே எழுதியிருந்தான்: "இது புகையானா? தண்ணீரைக் கட்டணுமா, வடிக்கணுமா? பெரியவங்க சொல்லுங்க."

இரண்டே கேள்வி. தெரிந்தவர் ஒருவர் இரண்டு வரியில் முடித்திருக்கலாம்.

முதலில் வந்தது ஒரு கும்பிடு. அடுத்து ரோஜாப்பூவோடு மாலை வணக்கம். பிறகு ஒருவர், "ஆந்திரா பொன்னி போட்டா இப்படித்தான், நான் அப்பவே சொன்னேன்" என்றார். உடனே இன்னொருவர், "வேற எதைப் போடறது? போன வருஷம் கொள்முதல் நிலையத்துல சாக்கு இல்லைன்னு எட்டு நாள் காக்க வச்சாங்களே, அப்ப எங்கண்ணே போனீங்க?" என்றார். கொள்முதல் என்ற சொல்லைக் கண்டதும் தூங்கிக்கொண்டிருந்த குழு விழித்துவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தளர்த்துவார்களா மாட்டார்களா, மூட்டைக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், அங்கிருந்து மேட்டூர், மேட்டூரிலிருந்து கர்நாடகம், கர்நாடகத்திலிருந்து தேர்தல். இரவு 10 மணிக்கு இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறினார்கள். ஒருவர் மாமா, இன்னொருவர் மச்சான்; ஒருவருடைய சொந்த அக்காவைத்தான் மற்றவர் கட்டியிருக்கிறார்.

11 மணிக்கு அந்தப் பையன் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டான். வேறு ஒரு எழுத்தும் இல்லை.

மறுநாள் காலையில், குழுவில் எப்போதும் வாய் திறக்காத பெரியவர் ஒருவர் 40 விநாடிக்குக் குரல்பதிவு அனுப்பினார். தூரைப் பிரித்துப் பார், பழுப்பு நிறத்தில் பூச்சி அப்பியிருந்தால் புகையான்தான். தண்ணீரை வடித்துவிடு. யூரியா போடாதே. பயிரை விலக்கிப் பட்டம் பிரித்துக் காற்றும் வெயிலும் இறங்க விடு. மருந்து அடித்தால் இலைமேல் அடிக்காதே, தூரில் படவேண்டும். அவ்வளவுதான். அதற்குள் பையன் விடியற்காலையிலேயே மருந்துக்கடைக்குப் போய், கொடுத்ததை வாங்கி அடித்துவிட்டு வந்திருந்தான். அது செயற்கைப் பைரித்ராய்டு வகை. புகையானைப் பிடித்துத் தின்கிற சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிட்டு, புகையானை முன்னைவிட அதிகமாகப் பெருக வைக்கிற மருந்து. ஒரு திட்டாக இருந்தது மாக்கணக்கில் பரவியது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் பல வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லி வருகிற விஷயம்தான் இது.

இதில் யாரைக் குறை சொல்வது? கொள்முதல் நிலையத்துச் சாக்குப் பிரச்சினை உண்மையான பிரச்சினை. அன்று இரவே அதைத் தனிச் செய்தியாகப் போட்டிருந்தால் நானே நாலு வரி எழுதியிருப்பேன். அது அடுத்தவன் கேள்வியின்மேல் ஏறி உட்கார்ந்ததுதான் வினை. நன்னூலில் பவணந்தியார் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். அதில் எட்டாவது, மற்றொன்று விரித்தல். எடுத்துக்கொண்ட பொருளை விட்டுவிட்டு வேறொன்றைப் பரப்புவது. 13ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்பதாவது, சென்று தேய்ந்து இறுதல்; பத்தாவது, நின்று பயனின்மை. எங்கள் குழு அன்று இரவு எட்டாவதில் புறப்பட்டு, ஒன்பதைத் தொட்டு, பத்தில் போய்ப் படுத்தது. இதற்கு நடுவே, ஒரே காணொளியை மூன்று பேர் மூன்று தடவை போட்டார்கள். அது மூன்றாவது குற்றம், கூறியது கூறல்.

இலக்கணக்காரர்கள் கறாரானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. நேராகச் சொல்வது மூன்று. சுற்றிச் சொல்வது ஐந்து. சுற்றிச் சொன்னாலும் விடைதான் என்று ஒப்புக்கொள்கிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் இப்படி: "நாளைக்கு உன் டிராக்டர் கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்கிறார். "கிடைக்கும்" என்றால் நேர். "கிடைக்காது" என்றால் மறை. "நீயே வந்து எடுத்துட்டுப் போ" என்பது ஏவல். "உனக்கு இல்லாமலா?" என்பது வினா எதிர் வினாதல். "டீசல் பம்பு போயிடுச்சு" என்பது உற்றது உரைத்தல். "சேத்துல இறக்கினா சிக்கிக்கும்" என்பது உறுவது கூறல். "பவர் டில்லர் வேணா தர்றேன்" என்பது இனமொழி. எட்டில் மிச்சமுள்ள சுட்டு, "எது?" என்று கேட்டவருக்கு "இது" என்று காட்டுவது. இத்தனையிலும் கேட்டவருக்கு டிராக்டர் விஷயம் தெரிந்துவிடுகிறது. "உங்கப்பா காலத்துல உழவு மாடு வச்சிருந்தாரே" என்பது மட்டும் இந்த எட்டில் எதிலும் அடங்காது.

நம் பக்கத்துப் புலவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதிக்கொண்ட விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அதில் கோபத்துக்குக் குறைவே இல்லை. திருவாரூர் வைத்தியநாத தேசிகர் 17ஆம் நூற்றாண்டில் இலக்கண விளக்கம் எழுதினார். குட்டித் தொல்காப்பியம் என்றே அதற்குப் பெயர். அடுத்த நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதை மறுத்து எழுதினார். அவர் வைத்த பெயர் இலக்கண விளக்கச் சூறாவளி. சூறாவளி என்கிறபோதே கோபம் தெரிகிறது. ஆனால் அந்தச் சூறாவளி எந்தக் கரையைக் கடக்கிறது என்பதும் பெயரிலேயே இருக்கிறது. 1889இல், முன்பு கும்பகோணத்தில் வக்கீல் தொழில் பார்த்த சி.வை. தாமோதரம் பிள்ளை இலக்கண விளக்கத்தை அச்சில் கொண்டுவந்தபோது, தம் பதிப்புரையில் தேசிகர் பக்கம் நின்று சூறாவளிக்குப் பதில் சொன்னார். சிவஞான முனிவர் மறைந்தது 1785இல். நூறு வருஷத்துக்குப் பிறகு வந்த பதில் அது. சும்மா விட்டார்களா? திருவாவடுதுறையோடு தொடர்புடைய சபாபதி நாவலர் அதற்கும் ஒரு மறுப்பு எழுதினார். பெயர், இலக்கண விளக்கப் பதிப்புரை மறுப்பு.

பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இலக்கண விளக்கம். இலக்கண விளக்கச் சூறாவளி. இலக்கண விளக்கப் பதிப்புரை. இலக்கண விளக்கப் பதிப்புரை மறுப்பு. ஒரு நூலகத்தில் இந்த நாலு பெயரை மட்டும் பார்த்தவன்கூட எது எதற்குப் பதில் என்று சொல்லிவிடுவான். இன்னொரு தடவை சிவஞான முனிவர், 'எடுத்து' என்ற ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு நூல் செய்தார். அதற்குப் பெயர், எடுத்து என்னும் சொல்லுக்கு இட்ட வைரக்குப்பாயம். வைரத்தால் சட்டை தைத்துப் போட்டிருக்கிறாராம் ஒரு சொல்லுக்கு! எதைப் பற்றிய பேச்சு என்று தலைப்பில் இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி.

மறுப்பதிலும் அவர்களிடம் ஓர் ஒழுங்கு. எதிராளியின் கருத்தில் தேவையான பகுதியை மட்டும் முதலில் எடுத்து வைப்பார்கள். பிறகுதான் அது பொருந்தாது என்பார்கள். முழு நூலையும் கீழே ஒட்டிவைத்துவிட்டு "சரியாகச் சொன்னீர்கள்" என்று இரண்டு சொல் எழுதும் வழக்கம் அப்போது இல்லை. ஓலை விலை அப்படி.

எல்லாம் இப்படியே இருந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், வள்ளலார் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்று தொடங்கிய வாதம், போகப் போகப் பாடலை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. கேள்வி ஒன்று, வழக்கு வேறு. இரண்டு பக்கமும் பெரியவர்கள் என்பதால் அதற்குமேல் நான் போகவில்லை.

அலுவலகத்துக்கு வருகிறேன். அரசுக் கடிதத்தில் மேலே 'பொருள்' என்றும், அதன் கீழே 'பார்வை' என்றும் இரண்டு இருக்கும். பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். பொருளை எழுதுவதற்கு ஒரு வரிசை உண்டு. நில அளவை, சிறுகோடு, வட்டம், சிறுகோடு, கிராமம், சிறுகோடு, புல எண், சிறுகோடு, உட்பிரிவு செய்யக் கோருதல், தொடர்பாக. பெரியதிலிருந்து சின்னதற்கு இறங்கி வரும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி, கன்னியிலிருந்து மடை, மடையிலிருந்து வயல் என்று தண்ணீர் வருகிற மாதிரி. சேர்ந்த முதல் வாரத்தில் என் தலைமை எழுத்தர் இதைத்தான் கற்றுக்கொடுத்தார். பார்வை என்பது முன்னால் நடந்த கடிதங்களின் எண்ணும் தேதியும். நாளைக்கு என் நாற்காலிக்கு வேறொருவர் வந்தால், அவர் என்னைத் தேடி வீட்டுக்கு வரக்கூடாது, அதற்குத்தான் பார்வை. ஒரு கடிதத்தில் ஒரு பொருள்தான் என்பதும் அப்போது சொல்லிக் கொடுத்த விதி.

அந்த விதியின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு கிழவியால். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று வேண்டாம். திங்கட்கிழமை, குறைதீர் நாள். வாசலில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிய ஒரே தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் நாலு கோரிக்கை. இறந்துபோன கணவர் பெயரில் உள்ள பட்டாவை மாற்ற வேண்டும். விதவை உதவித்தொகை வேண்டும். ரேஷன் அட்டையில் கணவர் பெயரை நீக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் வடிகாலைத் தூர்த்துவிட்டார், அதைக் கேட்க வேண்டும். தபால் பிரித்துப் போடுவது அப்போது என் வேலை. பட்டாவுக்கு ஒரு மேஜை. உதவித்தொகைக்குத் தனி வட்டாட்சியர். ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர். நான் முதல் வரியைப் படித்தேன், பட்டா மேஜைக்கு எழுதிப் போட்டேன். ஐந்தாறு மாதத்தில் பட்டா மாறியது. 'மனுவின் மீது நடவடிக்கை எடுத்து முடிக்கப்பட்டது' என்று பதிலும் போனது. மற்ற மூன்றும் அந்தத் தாளோடு முடிந்த கட்டில் கட்டப்பட்டு மேலே போயின.

இரண்டு வருஷம் கழித்து அவர் வந்து, "பணம் வரவே இல்லையே சாமி, அன்னைக்கே எழுதிக் குடுத்தேனே" என்றார். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். எழுதித்தான் கொடுத்திருந்தார், பட்டாவுக்கு அடுத்த வரியிலேயே. நான் மூன்று நகல் எடுத்து மூன்று இடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்; அனுப்பவில்லை. தப்பு என்னுடையது. வாசலில் இருந்தவரிடம் போய், இனிமேல் கோரிக்கைக்கு ஒரு தாள் எழுதுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாளுக்கு ரெண்டு ரூபாய் வாங்கறேன். அந்தம்மா பஸ்சுக்கே எண்ணி எண்ணிக் குடுக்குது. நாலு தாளுக்கு யார் சார் குடுப்பா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஒரே தாளில் எல்லாவற்றையும் அடைப்பவர்களைத் திட்டுவதற்கு முன்னால், ஏன் அடைக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் கைப்பேசியில் தாளுக்குக் காசு கிடையாது. இங்கே அடைக்க ஒரு காரணமும் இல்லை.

பொருளும் பார்வையும் சரியாக அமைந்த கடிதம் ஒன்றைச் சொல்கிறேன். எழுதியவர் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருக்காரர். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். ராமானுஜன்தான். எல்லோரும் அந்தக் கடிதத்தின் சூத்திரங்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அவை புரியாது. குமாஸ்தாவின் கண்ணுக்குப் படுவது வேறு. தான் யார், என்ன சம்பளம், எங்கே வேலை என்று சுருக்கமாகச் சொல்கிறார். சொன்ன கையோடு, நீங்கள் வெளியிட்ட இந்த நூலில் 36ஆம் பக்கத்தில் இன்னது இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றிருக்கிறது, அதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது என்கிறார். பகா எண்களைப் பற்றிய விஷயம். பக்க எண்ணோடு பார்வை! முன்பின் தெரியாதவர் கடிதத்தைக் குப்பையில் போடத் தயாராக இருக்கும் ஒருவரை, அவருடைய புத்தகத்தையே காட்டி நிறுத்தி வைக்கிறது அந்த வரி.

ஹார்டியின் பதில் பிப்ரவரி 8ஆம் தேதியிட்டது. அதை நான் பதில்களின் அரசன் என்று சொல்வேன். வந்த முடிவுகளை மூன்றாகப் பிரிக்கிறார். ஏற்கெனவே தெரிந்தவை அல்லது தெரிந்தவற்றிலிருந்து எளிதாக வருபவை ஒரு வகை. புதிதாகத் தோன்றினாலும், முக்கியம் என்பதைவிட வினோதம், கடினம் என்ற அளவில் சுவையானவை இரண்டாம் வகை. புதியவை, முக்கியமானவை மூன்றாம் வகை. அற்புதம் என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கலாம். பிதற்றல் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம்; வேறு கணிதப் பேராசிரியர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்வதுண்டு. ஹார்டி, கேட்டவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு, நிரூபணம் அனுப்புங்கள், முக்கியமாகப் பகா எண்களுக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். அந்தப் பகா எண் சூத்திரம் பிறகு பிழையென்று தெரிந்தது. அது பிழையென்று தெரிய வந்ததே பதில் அந்தப் பொருளை விட்டு நகராததால்தான்.

ராமானுஜன் பிப்ரவரி 27இல் திரும்ப எழுதினார். நிரூபணம் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதைச் சொன்னார்: என் முறையை ஒரே கடிதத்தில் சொன்னால் உங்களுக்குப் பிடிபடாது; ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவில்லாமல் கூட்டினால் என் கணக்குப்படி விடை பன்னிரண்டில் ஒன்று, அதுவும் கழித்தல் குறியோடு என்று சொன்னால் உடனே பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்கிற பாணியில் எழுதினார். நன்னூலார் கணக்கில் இது நேர் விடை இல்லை. உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் கலந்தது. ஆனாலும் விடைதான். ஹார்டி கேட்டதை அவர் கேட்காதது போல் விட்டுவிடவில்லை.

இனி, பொருளை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். பேச்சு என்றால் மாறத்தான் செய்யும். தண்ணீர் சரிவு கண்ட பக்கம் போகும். அதற்கு நம் முன்னோர் இந்த மண்ணில் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. உங்கள் வயலில் மிஞ்சியது வடிகாலில் இறங்கி, கீழே போய் இன்னொருவருக்குப் பாசனமாகும். மேல்மடைக்கு வடிகால், கீழ்மடைக்கு வாய்க்கால் என்று பல இடங்களில் ஒரே ஓடை இரண்டு வேலையும் செய்கிறது. கரையை வெட்டி அடுத்தவர் வயலுக்குள் விடுவதுதான் சண்டை. முறைப்பாசனக் காலத்தில், மதகுக்குப் பொறுப்பான லஸ்கர் இல்லாத நேரம் பார்த்து அதில் கை வைத்தால் மண்டை உடையும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அதே ஏற்பாடு பேச்சுக்கும் போதும். அன்று இரவு என்ன செய்திருக்கலாம்? பையனின் கேள்விக்கு முதலில் யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது தம்பி, வேளாண்மை அலுவலரைக் கேளு" என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் விடைதான். சாக்குப் பிரச்சினையைக் கிளப்ப நினைத்தவர், "இதைத் தனியாகப் போடுகிறேன்" என்று அங்கே ஒரு வரி சொல்லிவிட்டு, புதுச் செய்தியில் 'பொருள்: கொள்முதல் நிலையத்தில் சாக்கு' என்று தொடங்கியிருக்கலாம். பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு 'முன்பு புகையான் பேச்சில்' என்று ஒரு பார்வை கொடுத்தால் இன்னும் நல்லது. கேள்வியை விரலால் இழுத்தால் அதையே மேலே தொங்கவிட்டுப் பதில் எழுதலாம் என்பது என் பேத்தி எனக்குக் காட்டிக்கொடுத்தது. 180 பேரில் இருபது பேருக்குக்கூட அது தெரியாது. கற்றுக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகும்.

பொருளை மாற்றாமலே பேச்சைக் கெடுக்கவும் வழி உண்டு. எதைச் சொன்னாலும் அல்ல அல்ல என்பது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில், கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் யார் உட்காரலாம் என்று விதி செய்கிற கல்வெட்டு. வருகிற காரியத்துக்கெல்லாம் அன்று என்று மறுத்துக் குறுக்கே நிற்பதை அதில் குத்துக்கால் என்கிறார்கள். குத்துக்கால் போட்டவருக்கும், அவருக்குத் துணை நின்றவருக்கும் தனித்தனியே ஐந்து காசு தண்டம். துணை நின்றவருக்கும் தண்டம் என்பதைக் கவனியுங்கள். கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போகிறவர்களையும் அன்றே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

மின்னஞ்சலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பதிலின் தலைப்பில் தானாக வந்து விழுகிற 'ரீ' என்ற இரண்டெழுத்துக்கு மூலம் லத்தீன். அர்த்தம், பொருள், விஷயம் என்பதுதான். நம் அலுவலகப் 'பொருள்'தான் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. 1995 அக்டோபரில் இணையப் பொறியாளர்கள் ஒரு நடைமுறைக் குறிப்பு வெளியிட்டார்கள். அதன் எண் 1855. பதில் எழுதும்போது மூலக் கடிதத்தை மேலே சுருக்கிச் சொல், அல்லது விளங்குகிற அளவுக்கு மட்டும் எடுத்துப் போடு என்றது. திருவாவடுதுறையில் தெரிந்த விஷயம்தான். எல்லோருக்கும் பதில் என்ற பொத்தானின் கூத்துக்கு ஒரு சாட்சி: 2016 நவம்பர் 14ஆம் தேதி, இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஒரு சோதனை அஞ்சல் தவறிப் போய்விட்டது. கிடைத்தவர்களில் பலர், "என்னை ஏன் சேர்த்தீர்கள், எடுத்துவிடுங்கள்" என்று எல்லோருக்கும் பதில் போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சுமார் 50 கோடி அஞ்சல்கள். அனுப்பாதே என்று சொன்ன அஞ்சல்களும் அதில் அடக்கம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் வலிக்கிற விஷயம். எங்கள் தெருக் குழுவில் ஒரு நாள் காலையில் ஒருவர் பேரனுக்குப் பிறந்தநாள் என்று படம் போட்டார். பத்து நிமிஷத்தில் இன்னொருவர், தன் சித்தப்பா தவறிவிட்டார், மாலை 4 மணிக்கு எடுக்கிறோம் என்று போட்டார். அதன்பிறகு வந்தவர்கள் மேலே ஏறிப் பார்க்கவில்லை. குழந்தை படத்துக்கு அடியில் ஆழ்ந்த இரங்கல். துக்கச் செய்திக்கு அடியில் கேக்கும் பலூனும், பல்லாண்டு வாழ்க என்று. சித்தப்பாவைப் பறிகொடுத்தவர் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதமாக அந்தக் குழுவில் எதுவுமே எழுதவில்லை. யாருக்குச் சொல்கிறோம் என்று பெயரை முன்னால் போட்டு, "மாமா, சித்தப்பா செய்தி கேட்டு வருத்தம்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இப்படிப்பட்ட தவறைக் கண்டால் குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்தவரை யாரும் எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை.

கைப்பேசியில் மட்டுமில்லை, நேரில் பேசும்போதும் இதே கதைதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. போயிருப்பீர்கள். ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, தூர் வாரவில்லை என்று தொடங்கி, பயிர்க் காப்பீட்டைத் தொட்டு, உரத் தட்டுப்பாட்டில் நுழைந்து, பாட்டாளி வாழ்க என்று முடிப்பார். எதிரே மூன்று துறை அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். மூவரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் எது யாருக்கு என்று பிரியவில்லை. நான் அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். எங்களுக்கு அது எவ்வளவு சௌகரியம் என்று எனக்குத் தெரியும். "புல எண் இன்னது, வாய்க்கால் இன்னது, கடைசியாக மனு கொடுத்த தேதி இன்னது, என்ன ஆயிற்று?" என்று ஒருவர் எழுந்து நின்று கேட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பயிரில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று; மிச்சத்தை அறுத்தான். இந்தக் குறுவைக்கு நாற்று விட்டபோது குழுவில் மறுபடியும் ஒரு கேள்வி போட்டான். மேலே அவனாகவே எழுதியிருந்தான்: 'பொருள்: நாற்றங்கால், மஞ்சள் நிறம். வேறு பேச வேண்டாம், ப்ளீஸ்.' எட்டு நிமிஷத்தில் மூன்று பதில் வந்தது. மூன்றும் நாற்றங்காலைப் பற்றியே.

என் நேரம் முடிந்தது. இனி நீங்கள் கேட்கலாம். ஒருவருக்கு ஒரு கேள்வி. கருவூர் ஆராய்ச்சிக்காரர் மட்டும் தயவுசெய்து தேநீர் வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.